ஈக்குச் சமைத்த ஆரோக்கியமேரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் ஆரோக்கியமேரி "சமையல்" என்பாள். எங்கே என்றால் "அடையாறுல, பெரிய ஆபீசுல" என்பாள். யாருக்குச் சமைக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள், அவளுக்கு அதில் வெட்கமே கிடையாது. அவள் சமைத்தது ஈக்களுக்கு. நம் எச்சில் தட்டில் வந்து உட்காருகிற தடி ஈ அல்ல. கனிந்த வாழைப்பழத்தை இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, கடுகைவிடப் பொடிசாக, சிவந்த கண்ணோடு, அந்தப் பழ ஈ.

இந்திரா நகரைத் தாண்டி உள்ளே போனால் மரங்களுக்கு நடுவே ஒரு மூன்று தளக் கட்டடம் இருக்கிறது. உயிர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடம். தரைத்தளத்தில் எலி, மேல்தளத்தில் செடி, நடுவில் ஈ. எலிக்கு மூட்டை மூட்டையாகத் தீனி வந்து இறங்கிவிடும். செடிக்குத் தண்ணீரும் விளக்கும் போதும். ஈக்குத்தான் வாரம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடற்பாசித் தூள் எல்லாவற்றையும் கட்டி தட்டாமல் களியாகக் கிண்டி, சூடு கொஞ்சம் தணிந்ததும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு மருந்தை ஊற்றிக் கலக்கி, முந்நூறு கண்ணாடிப் புட்டிகளில் விரல் கனத்துக்கு விட்டு, பஞ்சு அடைக்க வேண்டும். ஈக்கள் அந்தக் களியின்மேல் முட்டை இடும். எத்தனை முட்டை என்று எண்ணுவதுதான் அங்கே பாதி ஆராய்ச்சி.

பதினாறு வருடமாக அந்த அடுப்பில் மேரியின் ஆட்சிதான். அடையாற்றங்கரையில் குடிசை இருந்த நாளில் நடந்தே வந்துவிடுவாள். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனாலும் ஒன்பது மணிக்கு அடுப்பில் பாத்திரம் ஏறிவிடும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இருப்பது அவளும், ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் செந்தில்குமாரும். அந்த இரண்டு பேருக்கு ரசம் வைக்க ஆயிரம் சலிப்புச் சலித்துக்கொள்கிறவள், இங்கே இருபது லிட்டர் களியை முகம் சுளிக்காமல் கிண்டுவாள்.

"கல்யாண காண்ட்ராக்டரு கூட ஆயிரம் எலைக்கு மேல போட மாட்டான். என் கையால துன்னு வளந்தது எத்தினி கோடி தெரியுமா பாய்?" என்று வாசல் வாட்ச்மேன் உபைத்திடம் அளப்பாள்.

"நீ எண்ணிப் பாத்தியா?" என்பார் உபைத்.

"அத்த எண்றதுக்குத்தான படிச்ச புள்ளைங்க கீதுங்க."

தராசு, அளவுக் குழாய் எல்லாம் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தன. மாவு கைக்கணக்கு, சர்க்கரை கண்கணக்கு. களி ஒருநாளும் நீர்த்ததில்லை, கட்டி தட்டியதில்லை, பூஞ்சணம் பிடித்ததும் ஒரே ஒரு தடவைதான். மேரியின் கை என்றால் கைதான் என்று ஆராய்ச்சி மாணவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கத்தானே அவள் இரண்டு பஸ் மாறி வந்தாள்.

போன ஜூன் மாதம் புதிதாக ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. புட்டிகள் இரட்டிப்பாக வேண்டும் என்றார்கள். ஒருத்தியால் ஆகாது என்று இன்னொருத்தியை வேலைக்கு எடுத்தார்கள். லாவண்யா என்று பெயர், வயது இருபத்தெட்டு, வேளச்சேரியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கேட்டரிங் படித்துவிட்டு தி. நகரில் மூன்று ஹோட்டல்களில் வேலை பார்த்தவள். திங்கள், புதன், வெள்ளி மேரி கிண்டுவது, மற்ற மூன்று நாள் லாவண்யா. ஒருத்தி கிண்டும் நாளில் மற்றவள் புட்டி கழுவ வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே பெரிய கரண்டி. இதைவிட வம்புக்கு வேறென்ன வேண்டும்?

வந்த முதல் நாளே அவள் "அக்கா" என்றாள். அதுவே மேரிக்குப் பிடிக்கவில்லை. நேற்று வந்தவளுக்கு என்ன அக்கா? இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்து தராசைத் துடைத்து மேடைமேல் வைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளை விரல் வைத்துப் படித்தாள். சின்ன வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி கிராம் கிராமாக நிறுத்தாள். மேரிக்குச் சிரிப்பு வந்தது. இவள் நிறுத்து முடிப்பதற்குள் ஈயெல்லாம் கிழடாகிவிடும் என்று உபைத்திடம் சொல்லி நன்றாகவே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆகஸ்ட் வரைக்கும்தான் இருந்தது. முட்டை எண்ணுகிறவன் ஸ்ரீவத்சன். மயிலாப்பூர்ப் பையன், ஐந்து வருடமாக இந்த ஈக்களோடு மல்லுக்கட்டி முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவன். சூதுவாது தெரியாதவன், அதனாலேயே எதை எப்போது சொல்ல வேண்டும் என்றும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"மேரிக்கா, ஒண்ணு தெரியுமோ? லாவண்யா பண்ற புட்டியில முட்டை கிட்டத்தட்ட டபுள். ஒங்க புட்டியில நாப்பதுன்னா அவ புட்டியில எண்பது. மூணு வாரமா இப்படித்தான் வந்துண்டிருக்கு."

மேரிக்குக் காதில் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. "அப்டியா தம்பி" என்று மட்டும் கேட்டாள். அடுப்பறைக்குள்ளிருந்து லாவண்யா பாடுவது கேட்டது, ஏதோ சினிமாப் பாட்டு. பாட்டா பாடுகிறாய், பாடு பாடு என்று மேரி மனத்துக்குள் கருவினாள்.

ஈக்கு நன்றி கிடையாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினாறு வருடம் வேளை தவறாமல் போட்டிருக்கிறாள். காய்ச்சலில் வந்து போட்டிருக்கிறாள். பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட வந்து கிண்டிவிட்டுப் போனாள். இவை என்னவென்றால் நேற்று வந்தவள் போட்டதும் ஓடிப்போய் இரண்டு மடங்கு முட்டை இடுகின்றன. இரண்டு மாதம்கூட வாழாத ஜென்மத்துக்கு இவ்வளவு கொழுப்பா?

வீட்டுக்குப் போனதும் செந்தில்குமாருக்குச் சோற்றைப் போட்டு, அவன் சாப்பிடுவதையே வெறித்துப் பார்த்தாள்.

"என் சமையலு எப்டி கீது?"

"எப்பவும் போலத்தான். இன்னாத்துக்கு கேக்குற?"

"எப்பவும் போலன்னா? நல்லாகீதா, நல்லால்லியா?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. கேட்டுவிட்டு அந்த மனிதன் செய்த ஒரே தப்பு, "அட, ஈதானம்மே, உடு" என்று சொன்னது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஈதானாம்!

பொறாமை என்று சொன்னால் மேரி ஒப்புக்கொள்ள மாட்டாள். வேறென்ன பெயர் வைப்பதாம்? லாவண்யா பொங்கல் கொண்டு வந்தால் நெய் நாற்றம் என்பாள். கொண்டு வராவிட்டால் கருமி என்பாள். லாவண்யா கழுவித் தந்த புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இல்லாத அழுக்கைத் தேடுவாள். அவள் கிண்டும் நாளில் பெரிய கரண்டியை அலமாரியின் அடித்தட்டில் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். லாவண்யா சின்னக் கரண்டியால் கிண்டிவிட்டு, "இன்னிக்கு கை நல்லா வலிக்குதுக்கா" என்று சிரித்தாள். சிரித்தாளே, அதுதான் மேரியைக் கொன்றது. ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போய் ஒரு பெரிய மெழுகுவத்தி ஏற்றினாள். முட்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "மாதாவே, அவ புட்டில பூஞ்சணம் புடிக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் மாதா நேராக அவளையே பார்க்கிற மாதிரி இருந்தது. சட்டென்று, "எல்லாத்துலயும் வோணாம், ஒரு பத்து புட்டில புடிச்சா போதும்" என்று குறைத்துக்கொண்டாள். அதற்குமேல் இறங்கி வர அவளால் முடியவில்லை.

பத்துப் புட்டியிலும் பிடிக்கவில்லை. ஒன்றில்கூட இல்லை. சரி, மருந்து மாயம் எதையோ கலக்குகிறாள், அதைக் கண்டுபிடித்து மேடத்திடம் போட்டுக் கொடுப்பது என்று மேரி முடிவு கட்டினாள். மேடம் என்றால் பேராசிரியை விஜயலக்ஷ்மி, ஈத் தளம் முழுவதும் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மேரி புட்டி கழுவும் தொட்டியை விட்டு நகரவில்லை. கை சோப்பில் இருந்தது, கண் முழுக்க அடுப்பில்தான்.

மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடற்பாசி. எல்லாம் தாளில் இருக்கிறபடிதான். கிண்டினாள். இறக்கினாள். விரல் வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு பழுப்பு நிறப் பாட்டிலைத் திறந்து பூஞ்சண மருந்தை அளவுக் குழாயில் ஊற்றி, கோடு பார்த்து, களியில் விட்டாள். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டாள் மேரி.

"எது அக்கா?"

"மருந்து. ஒரு மூடி அளவுதான கீது?"

"ஆமாக்கா. தாள்ல போட்டிருக்கிற அளவு ஒரு மூடிதான் வரும். ஏன், நீங்க எவ்ளோ ஊத்துவீங்க?"

"நானும் ஒரு மூடிதான்" என்றாள் மேரி. கையிலிருந்த புட்டி வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

அவள் ஊற்றுவது இரண்டு மூடி. ஒன்பது வருடமாக, எல்லா நாளும், எல்லாப் பாத்திரத்திலும் இரண்டு மூடி. எப்படி வந்தது இந்த இரண்டாவது மூடி என்று கேட்டால் அந்த டிசம்பர் வெள்ளத்துக்குத்தான் போக வேண்டும். தரைத்தளம் மூழ்கி, எலிக் கூண்டுகளைத் தலையில் சுமந்து மேலே ஏற்றினார்கள். கரண்ட் இல்லாமல் ஈக்களெல்லாம் செத்தன. தண்ணீர் வடிந்ததும் பெங்களூரிலிருந்து புது ஈக்களைக் கொண்டு வந்தார்கள். மேரி அப்போது வீடு போய், துணி போய், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் புருஷனோடும் பெண்ணோடும் படுத்து எழுந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சுவரெல்லாம் ஈரம். அவள் ஊற்றி வைத்த முந்நூறு புட்டிகளிலும் பூஞ்சணம் பூத்தது. மேடம் ஒரு புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும், "ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார். மேரி அழுதுகொண்டே கழுவினாள். அடுத்த தடவை ஒரு மூடி கூடவே ஊற்றினாள். பூஞ்சணம் வரவில்லை. பிறகு அதை நிறுத்துவானேன்? ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் புது ஈக்கள் கம்மியாக முட்டை இட்டதைப் பார்த்துவிட்டு, பெங்களூர் ஜாதியே இப்படித்தான் என்று படித்தவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள்.

ஆக, லாவண்யா ஒன்றையும் கூட்டவில்லை. மருந்தைக் கூட்டி முட்டையைக் குறைத்தவள் இவள்தான். தெரிந்ததும் மேரிக்குக் குற்றவுணர்ச்சி வந்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படியானால் லாவண்யாவின் கையில் ஒன்றும் கிடையாது! ஒரு மூடி விவகாரம், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் ஈயெல்லாம் தன் பக்கம் வந்துவிடாதா?

புதன்கிழமை ஒரே மூடி ஊற்றினாள். இரண்டாவது மூடிக்குக் கை தானாகப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஸ்ரீவத்சன் எண்ணியபோது எழுபத்தாறு. அதற்கடுத்த வாரம் எண்பத்தைந்து. லாவண்யாவுடையது எண்பத்திரண்டு.

"மேரிக்கா, என்ன ஆச்சு? பிச்சு ஒதர்றேளே!" என்றான் அவன்.

மூன்று முட்டை அதிகம். அந்த மூன்று முட்டைக்காக மேரி அன்று திரும்பும் வழியில் அரைக் கிலோ கோழி வாங்கிக்கொண்டு போனாள். செந்தில்குமாரோடு பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது. "ஏம்மே, இன்னா விசேசம்?" என்று கேட்டவனுக்கு இன்னொரு துண்டு வைத்தாள்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வந்திருக்க மாட்டேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு டீயும் சமோசாவும் கொடுத்துக் கூட்டம் போடுவது மேடத்தின் வழக்கம். மாணவர்கள், உதவியாளர்கள், புட்டி கழுவுகிறவர்கள் எல்லோரும் உட்கார வேண்டும். அக்டோபர் கூட்டத்தில் மேடம் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கீழே கிடந்த கோடு செப்டம்பரில் ஏறி மேலே நின்றது. மேரிக்குப் புரிந்துவிட்டது, அது அவளுடைய கோடு. சேலையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கிச்சன்ல ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கு" என்றார் மேடம். "லாவண்யா வந்து நாலே மாசம். எல்லாத்தையும் அளந்து செய்யணும்னு ஒரு ஒழுங்கு கொண்டு வந்திருக்கா. அவளப் பாத்து மேரியும் கத்துக்கிட்டா. மேரி புட்டியிலயும் இப்ப முட்டை ஏறியிருக்கு. வெரி குட் லாவண்யா. இனிமே கிச்சன் பொறுப்பை நீயே பாத்துக்க. மேரி, அவ சொல்ற மாதிரி செய்மா."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஐயோ மேடம், நான் ஒண்ணுமே சொல்லித் தரல" என்றாள் லாவண்யா. அது சத்தியமான உண்மை. ஆனால் எல்லோருக்கும் அது அடக்கமாகத் தெரிந்தது. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

மேரி கையிலிருந்த சமோசாவைத் தட்டில் போட்டாள். தான் கண்டுபிடித்து, தான் எடுத்து, தான் ஏற்றின முட்டை. அதையும் கொண்டுபோய் இவள் மடியில் கொட்டுகிறார்களே! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் எழுந்துவிட்டாள்.

"இவ இன்னா சொல்லித் தந்தா எனக்கு? இவளப் பாத்து நான் கத்துக்கினேனா? மேடம், நல்லா கேட்டுக்கோங்க. வெள்ளம் வந்தப்ப பூஞ்சணம் புட்ச்சிதுன்னு திட்டுனீங்களே, அன்னிலருந்து நான் மருந்து ரெண்டு மூடி ஊத்திக்கினு கீறேன். அதான் முட்டை கம்மியா வந்துச்சு. போன மாசம் நானா ஒரு மூடிய நிறுத்துனேன், ஏறிச்சு. நான் போட்டேன், நான் எடுத்தேன். இதுல இவளுக்கு இன்னா பங்கு?"

சொல்லி முடித்தபோது ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். முகத்தில் வெற்றிச் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் யாரும் சமோசாவைக் கடிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"எத்தனை வருஷமா, மேரி?" என்று மேடம் கேட்டார்.

"ஒம்போது வருசம் மேடம்."

"எல்லா புட்டியிலயுமா?"

"எல்லாத்துலயும். ஒண்ணு கூட உடல" என்றாள் மேரி, பழைய பெருமையிலேயே.

ஸ்ரீவத்சன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுடைய ஐந்து வருடமும் அந்த ஒன்பது வருடத்துக்குள்தான் இருந்தது. இந்த ஈ ஜாதி குறைவாக முட்டை இடுவது ஏன் என்பதற்கு அவன் ஒரு முழு அத்தியாயம் எழுதி வைத்திருந்தான். மேடம் அதே ஈக்களை நம்பி வெளியிட்ட கட்டுரைகள் ஆறோ ஏழோ. திரையில் அந்தக் கோடு மட்டும் ஏறி நின்றது. மேடம் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, இன்னாக்கா இப்படி பண்ணிட்டீங்க?" என்றாள் லாவண்யா மெதுவாக. என்ன செய்துவிட்டோம் என்பது மேரிக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. லாவண்யா ஜெயிக்கக் கூடாது என்று அத்தனை பேர் சோற்றிலும் மண்ணைப் போட்டாயிற்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை. வேலை போய்விடும் என்று செந்தில்குமாரிடம் சொன்னாள். "போனா போவுது, ஊட்ல கெட" என்றான். அவன் நல்லதாகத்தான் சொன்னான். அந்த அடுப்பில் திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளும் லாவண்யா நிற்பாள் என்று நினைத்தபோது மேரி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அது லாவண்யாவுக்குப் போவதைத்தான் தாங்க முடியாது.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்க மேரி" என்றார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக "ங்க" போட்டிருந்தார். ஒழிந்தோம் என்று மேரி நினைத்தாள்.

"உங்க மேல கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மேடம். "ஆனா அன்னிக்கு நான் கத்தினதுலதான் இது ஆரம்பிச்சிருக்கு. அதுக்கப்புறம் ஒரு நாளாவது நான் கிச்சனுக்கு வந்து பாத்திருக்கணும். பாக்கல. இப்ப ஒண்ணு செய்யணும். அந்த ரெண்டு மூடிக்கு எவ்வளவு முட்டை குறையுதுன்னு கணக்கா தெரிஞ்சாத்தான் பழைய வேலையில எது நிக்கும், எது நிக்காதுன்னு சொல்ல முடியும். மூணு மாசம் நீங்க பழையபடியே செய்ங்க. உங்க கைக்கணக்கு, உங்க ரெண்டு மூடி, எதையும் மாத்தாம. லாவண்யா தாள்ல இருக்கறபடி செய்யட்டும். பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணுவோம்."

"அடுப்புப் பொறுப்பு மேடம்?"

"அது லாவண்யாதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வேலை நிலைத்தது, அதற்கு மாதாவுக்கு நன்றி சொன்னாள். ஆனால் தப்பான சாப்பாட்டைத் தெரிந்தே, சிரத்தையாக, மூன்று மாதம் கிண்ட வேண்டும். அதற்கு மேற்பார்வை லாவண்யா. இதைவிட ஒரு தண்டனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்று மறுநாள் தெரிந்தது. ஸ்ரீவத்சன் புட்டிகளில் ஒட்டுவதற்குச் சீட்டு அடித்துக் கொண்டு வந்தான். லாவண்யாவின் புட்டிகளுக்குப் பச்சைச் சீட்டு, "சரி" என்று. மேரியின் புட்டிகளுக்குச் சிவப்புச் சீட்டு. அதில் "மேரி" என்று அச்சடித்திருந்தது.

"தம்பி, என் பேரு வோணாம். தப்புன்னு போட்டுக்கோங்க" என்று மேரி கெஞ்சினாள்.

"தப்புன்னெல்லாம் போட முடியாது மேரிக்கா. ஆராய்ச்சிப் பேப்பர்லயும் இந்தப் பேர்தான் வரப்போறது, மேடமே சொல்லிட்டா" என்றான். அவன் முகம் இன்னும் தெளியவில்லை. "நீங்க வாயத் தொறந்து சொல்லலேன்னா நாங்க இதே தப்ப இன்னும் பத்து வருஷம் பண்ணிண்டிருப்போம். நேக்கு அழுகையா வர்றது, ஆனா அது நெஜம்."

எண்ணுவது அடுப்பறைக்கு அடுத்த அறையில். ஸ்ரீவத்சன் உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, மதுமதி என்கிற மாணவி நோட்டில் எழுதுவாள். கதவு எப்போதும் பாதி திறந்துதான் இருக்கும்.

"சரி, எண்பத்து நாலு. மேரி, நாப்பத்தொண்ணு. சரி, எழுபத்தொம்பது. மேரி, முப்பத்தாறு."

காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் பெயரைச் சொன்னார்கள், நூறு தடவையும் அவள் தோற்றாள். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் ஓர் அறை விழுந்த மாதிரி இருந்தது. முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள், புட்டிக்கு அடைக்கிற அதே பஞ்சு. அப்படியும் கேட்டது.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை. லாவண்யா அடுப்பில் நின்றாள், மேரி தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தாள். லாவண்யா அன்று பாடவில்லை. கொஞ்ச நாளாகவே பாடுவதில்லை என்பது மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்டுவதை நிறுத்திவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி உள்ளறைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, அடி புடிச்சிடப் போவுது."

"எத்தனை தடவ உங்க பேரச் சொல்றாங்கக்கா" என்றாள் லாவண்யா.

"சொல்லட்டுமே. தோத்தவ பேரத்தான சொல்றாங்க."

"தோத்தா இன்னா? பேரு பேருதான? மூணு ஹோட்டல்ல வேல பாத்தேன். ஒரு தோசை மேல கூட என் பேரு இருந்ததில்ல. இங்க வந்து அளந்து அளந்து ஒயுங்கா பண்றேன், எனக்கு 'சரி'ன்னு சீட்டு. சரின்னா யாரு? யார் வேணா இருக்கலாம். நாளைக்கு நான் போய்ட்டு இன்னொருத்தி வந்தாலும் சரிதான். தப்பு பண்ணது நீங்க, புஸ்தகத்துல வர்றது உங்க பேரு. மெய்யாலுமே சொல்றேன், வயிறு எரியுதுக்கா."

கிண்டலா என்று மேரி திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. லாவண்யாவின் மூக்கு விடைத்திருந்தது, கண் ஓரம் சிவந்திருந்தது. அந்த மூஞ்சியை மேரிக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதம் கண்ணாடியில் பார்த்த மூஞ்சி. பாவம் என்றுதான் முதலில் தோன்றியது, தோளைத் தொட்டு ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

"சரி, எண்பத்தேழு" என்றான் ஸ்ரீவத்சன் உள்ளேயிருந்து. "மேரி, முப்பத்தெட்டு."

லாவண்யா வெடுக்கென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், பாதி திறந்திருந்த கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு வந்து மறுபடி கழுவ உட்கார்ந்தாள்.